சுவருக்கு அந்தப் பக்கத்து இருமல்

வெள்ளவத்தை,
கொழும்பு 06.
31.10.2020

அன்பின் நளீபாவுக்கு,

நீரும் மகள் நப்லாவும் பேரப்பிள்ளையும் டோஹாவில் சுகமாக இருக்க வேண்டுகிறேன். நாங்களும் இங்கே நலம் என்று எழுதிவிட்டுத்தான் மற்றதை எழுதுவது என் பழக்கம். இன்று அதை எழுதக் கை வரவில்லை.

இவள் ஏன் தாளில் எழுதிப் படம் பிடித்து அனுப்புகிறாள் என்று யோசிப்பீர். போனில் கதைத்தால் நீர் ஸ்பீக்கரில் போடுவீர், நப்லாவுக்கும் கேட்கும். குரல் பதிந்து அனுப்பலாம் என்றால், நம் இரண்டு வீட்டுக்கும் நடுவில் இருப்பது ஒற்றைக்கல் சுவர். நான் இங்கே கதைப்பது உம்முடைய மனுசனுக்குக் கேட்டுவிடும். நீர் தனியாக இருக்கும் நேரம் பார்த்து, ஒரு கதிரையில் இருந்துகொண்டு வாசியும்.

உம்முடைய மனுசன் மஷூர் நானாவுக்குக் காய்ச்சல். போன கிழமை புறக்கோட்டையில் லாம்புக் கடையைப் பூட்டிவிட்டு வந்தார் என்று உமக்குத் தெரியும். ஊரடங்கு வரப்போகிறது, அதனால் பூட்டினேன் என்று உமக்குச் சொல்லியிருப்பார். அது முழுக் கதை இல்லை. கடையில் நின்றவர்களில் ஒருவருக்குக் கொரோனா என்று முடிவு வந்ததால்தான் பூட்டினார். அன்றிலிருந்து கதவைத் திறப்பதில்லை. நான் கஞ்சியோ பாணோ கொண்டுபோனால், “படியில வெச்சிட்டுப் போங்க தங்கச்சி” என்று உள்ளே இருந்து சொல்வார். நான் எங்கள் கதவைச் சாத்திய பிறகுதான் அவருடைய கதவு திறக்கும்.

முதலில் சளித் தடிமன் என்றார். பிறகு இருமல் தொடங்கியது. எங்கள் படுக்கையறைச் சுவருக்கு அந்தப் பக்கம்தான் உங்கள் அறை. அந்த இருமலைக் கேட்டுக்கொண்டுதான் நான் சமைக்கிறேன், துணி மடிக்கிறேன், சாமிப் படத்துக்கு முன்னால் நிற்கிறேன். எங்கள் வீட்டில் இவரும் கேட்கிறார். கேட்காதவர் மாதிரி ரி.வி.யின் சத்தத்தைக் கூட்டுகிறார். இவருக்குப் பைபாஸ் செய்தது உமக்கு ஞாபகம் இருக்கும். சீனி வருத்தமும் இருக்கிறது. “கௌரி, நீர் உள்ளுக்குப் போகாதையும். போனீர் எண்டால் என்னைக் கொல்லுறது மாதிரி” என்றார். அவர் சொன்னதில் பிழை இல்லை. ஆனாலும் இருதய வருத்தத்துக்காக வாங்கி வைத்திருந்த, விரலில் மாட்டி ஒட்சிசன் பார்க்கும் கருவியை அவர்தான் எடுத்துத் தந்தார். அதைப் பையில் போட்டு உங்கள் கதவுப் பிடியில் கொழுவிவிட்டு வந்தேன். காலையும் மாலையும் கூப்பிட்டுக் கேட்பேன். தொண்ணூற்றேழு என்பார். எப்போது கேட்டாலும் தொண்ணூற்றேழு.

ஆஸ்பத்திரிக்குப் போவோம் நானா என்று கேட்டேன். அவர் கதவுக்குக் கிட்ட வந்து, மெதுவாகச் சொன்னார். “தங்கச்சி, ஆஸ்பத்திரிக்குப் போறதுக்கு எனக்குப் பயமில்ல. மவுத்தாப் போனா என்ன செய்வாங்கண்டு ஒங்களுக்குத் தெரியும்தானே. நான் இந்த ஊட்டுலயே கெடக்கிறேன். நளீபாக்கிட்ட செல்ல வாணாம். அவ அங்க மகள்ட ஊட்டுல ஈக்கிறா, வரவும் ஏலா.”

என்ன செய்வார்கள் என்று உமக்கு நான் எழுதத் தேவையில்லை. இந்த நோயில் இறந்தால் எந்தச் சமயத்தவர் என்றாலும் எரிக்கத்தான் வேண்டும் என்று சித்திரையில் போட்ட சட்டம் இன்னும் அப்படியே இருக்கிறது. அடக்கம் இல்லை, குளிப்பாட்டல் இல்லை. ரி.வி.யில் அதைப் பற்றி வாதாடுகிறார்கள். நான் அதை நிற்பாட்டிவிடுவேன். முந்தி அது எனக்கு ஒரு செய்தி. இப்போது அது நானாவின் குரலில் கேட்கிறது.

தெமட்டகொடையில் இருக்கிற சஜீத் தம்பியைக் கூப்பிட்டேன். அவருடைய ஒழுங்கை முழுவதையும் கயிறு கட்டி மூடியிருக்கிறார்கள். அவரால் வரமுடியாது. “அக்கா, கொண்டுபோனா நானாட மொகத்தக்கூட எங்களுக்குக் காட்டமாட்டாங்க. ஊட்டுல வெச்சே பாருங்க, அல்லா ஈக்கிறான்” என்று சொல்லி அழுதார். தமையன் மேல் உயிரானவர். அவரை நான் என்ன குறை சொல்வது?

உமக்குச் சொல்லவேண்டாம் என்று நானா கேட்டதை மீறித்தான் இதை எழுதுகிறேன். எனக்குத் தனியாகத் தாங்கமுடியவில்லை. விமானங்கள் ஓடுவதில்லை, ஊருக்கு அனுப்பும் தூதரகப் பட்டியலில் உம்முடைய பெயர் இன்னும் வரவில்லை என்பதும் தெரியும். உம்மை வரச்சொல்லிக் கேட்கவில்லை. நான் என்ன செய்யவேண்டும் என்று மட்டும் சொல்லும். நீர் எது சொன்னாலும் செய்வேன்.

முருகனும் உம்முடைய இறைவனும் நானாவின் பக்கத்தில் இருக்கட்டும்.

உம்முடைய,
கௌரி


வெள்ளவத்தை,
05.11.2020

நளீபா,

முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். நேற்று மாலை வரை நானா உயிருடன்தான். வார்டுக்குப் போன் எடுத்தபோது ஒரு நேர்ஸ் மிஸ்ஸி சொன்னார். இன்று இன்னும் தொடர்பு கிடைக்கவில்லை. இனி மற்றதை எழுதுகிறேன்.

நீர் குரல் பதிந்து அனுப்பிய பதிலை அன்றே கேட்டேன். முதல் பாதி முழுக்க அழுகை. அதன் பிறகு நீர் சொன்னது தெளிவாகவே இருந்தது. “அவரு எப்பிடிச் செல்றாரோ அப்பிடியே விடுங்க கௌரி. அவரு கேக்குறது அது ஒண்டுதான்.” நீர் எது சொன்னாலும் செய்வேன் என்று எழுதியவள் நான். செய்தேன். கொத்தமல்லி அவித்து வைத்தேன், இஞ்சி வைத்தேன், பனடோல் வைத்தேன். கடவுளே, இந்த இருமல் நிற்கட்டும் என்று கேட்டுக்கொண்டே இருந்தேன்.

நேற்று முன்தினம் மத்தியானம் இருமல் நின்றது.

நான் குசினியில் பருப்புக்குத் தாளித்துக்கொண்டு நின்றேன். கை அப்படியே நின்றுவிட்டது. நித்திரையாக இருக்கும் என்று நினைத்தேன். அடுப்பை அணைத்துவிட்டுச் சுவரில் காதை வைத்துக் கேட்டேன். ஊரடங்கு நேரம், காலி வீதியில் ஒரு பஸ்கூட இல்லை, கடற்கரையில் ரயிலும் இல்லை. கடலின் சத்தம் மட்டும் கேட்டது. சுவரில் தட்டினேன். போன் எடுத்தேன். உங்கள் வீட்டில் அது அடிப்பது எனக்குக் கேட்டது, யாரும் எடுக்கவில்லை. காலையில் வைத்த கஞ்சி படியில் ஆடை படர்ந்து அப்படியே இருந்தது.

நீர் போகும்போது தந்த உங்கள் கதவுத் திறப்பை எடுத்தேன். இவர் ஹோலில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தார். போகாதையும் என்று இந்த முறை சொல்லவில்லை. எழுந்து வந்து இரண்டாவது மாஸ்க்கை என் மூக்குக்கு மேலால் கட்டிவிட்டார்.

கதவைத் திறந்து உள்ளே போனேன். நானா கட்டிலுக்குப் பக்கத்தில் நிலத்தில் இருந்தார். முதுகு கட்டிலில் சாய்ந்திருந்தது. வாயைத் திறந்து மூச்சு எடுத்துக்கொண்டிருந்தார். உதடு சாம்பல் நிறம். கருவி மேசையில் கிடந்தது. அதை எடுத்து விரலில் மாட்டினேன். எண்பத்துநான்கு. நான் நிமிர்ந்து அவரைப் பார்த்தேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நளீபா, அந்தத் தொண்ணூற்றேழு ஒரு நாளும் உண்மையாக இருந்திருக்காது.

நான் போனை எடுத்ததும் அவருக்கு விளங்கிவிட்டது. “வைங்க தங்கச்சி. போன வைங்க” என்றார். ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு மூச்சு வேண்டியிருந்தது. “என்ன நெருப்புல போடுவாங்க.”

நான் அம்புலன்ஸுக்கு ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூறை அழுத்திவிட்டேன். விலாசம் சொன்னேன், வயதைச் சொன்னேன். அவ்வளவையும் அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். ஒரு மனிதனும் என்னை அப்படிப் பார்த்ததில்லை. போனை வைத்த பிறகு அவருக்கு முன்னால் நிலத்தில் இருந்தேன். அவர் என் சேலைத் தலைப்பைப் பிடித்தார். எத்தனை வருசம் பக்கத்து வீட்டில் இருக்கிறோம், ஒரு தேத்தண்ணிக் கோப்பையைக்கூட என் கையில் இருந்து வாங்காமல் மேசையில் வைக்கச் சொல்லி எடுக்கிற மனிதர். “நான் மவுத்தாப் போனா, என்ன எரிக்க விடமாட்டேண்டு செல்லுங்க. செல்லுங்க. அப்பத்தான் போவேன்” என்றார்.

எனக்கு என்ன அதிகாரம் இருக்கிறது? நான் யார்? சட்டத்தை யார் போட்டார்கள், யாரிடம் போய்க் கேட்பது, ஒன்றும் எனக்குத் தெரியாது. வைத்தியசாலை வாசலுக்குள்ளேயே என்னை விடமாட்டார்கள்.

“ஓம் நானா” என்றேன்.

அவர் சேலையை விட்டார்.

பிறகு வெள்ளை உடுப்புப் போட்டுக்கொண்டு இரண்டு பேர் வந்தார்கள். கண் மட்டும்தான் தெரிந்தது. “பய வெண்ட எப்பா அங்கிள்” என்று ஒருவர் சிங்களத்தில் சொன்னார், பயப்படாதேயுங்கோ என்று. அந்தக் குரலில் உண்மையான அன்பு இருந்தது. கதிரையில் இருத்திப் படியால் தூக்கிக்கொண்டு போனார்கள். தூக்க முந்தி, தொழுகைத் தொப்பி எங்கே இருக்கும் என்று தேடி எடுத்து அவருடைய மடியில் வைத்தேன். அதைத் தவிர வேறு ஒன்றும் கொடுத்துவிட எனக்குத் தோன்றவில்லை. அவருடைய சட்டைப் பையில் இருந்த போனுக்குச் சார்ஜர்கூடக் கொடுக்கவில்லை. அதனால்தான் நீர் எடுக்கும்போது அது அடிப்பதில்லை. வேறு எதையும் யோசித்துப் பயப்படாதேயும்.

அம்புலன்ஸ் போன பிறகு நம் மாடிக் கமிட்டி ஷெல்டன் கீழ்ப்படியில் நின்றார். ஏன் முந்தியே சொல்லவில்லை, என் அம்மாவுக்கு எண்பத்தாறு வயது, இதே படியால்தான் நாங்களும் ஏறி இறங்குகிறோம் என்று சிங்களத்தில் கேட்டார். சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் நல்லது. நான் மன்னிப்புக் கேட்டேன். பின்னேரம் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து எங்கள் கதவிலும் உங்கள் கதவிலும் தனிமைப்படுத்தல் தாள் ஒட்டிவிட்டுப் போனார். நாங்கள் வெளியே போகமுடியாது. இன்று காலை படித் திருப்பத்தில் ஒரு பாணும் இரண்டு பால்மாப் பக்கற்றும் இருந்தன. ஷெல்டன் வைத்துவிட்டு மணி அடிக்காமல் போயிருக்கிறார்.

என் தங்கை பருத்தித்துறையில் இருந்து போனில், “அக்கா, எங்களுக்கென்ன, எரிக்கிறதுதானே எங்கட வழக்கம்” என்றாள். ஆறுதலுக்குத்தான் சொன்னாள். முகம் பார்க்காமல், வாய்க்கரிசி போடாமல், ஒரு பிள்ளைகூட நிற்காமல் எரிப்பது எந்தச் சனத்தின் வழக்கம் என்று கேட்டேன்.

நளீபா, நானாவின் சொல்லை மீறினேன். உம்முடைய சொல்லையும் மீறினேன். அவர் திரும்பி வராவிட்டால் நீர் என்னை என்னவென்று நினைப்பீர் என்று யோசித்துக்கொண்டே இருக்கிறேன். சுவருக்கு அந்தப் பக்கம் மூச்சு நிற்கும்வரை கேட்டுக்கொண்டிருக்க என்னால் முடியவில்லை. வேறு நியாயம் என்னிடம் இல்லை.

பதில் எழுதும். திட்டியாவது எழுதும்.

கௌரி


வெள்ளவத்தை,
20.11.2020

அன்பின் நளீபாவுக்கு,

என் போன கடிதத்துக்கு உம்மிடமிருந்து ஒரு சொல்லும் வரவில்லை. வாசித்தீர் என்பதற்கு இரண்டு நீலக் கோடு விழுந்ததைப் பார்த்தேன். அதன் பிறகு ஒவ்வொரு நாளும் போனை எடுத்துப் பார்த்துப் பார்த்து வைத்தேன். கோபத்தில் இருக்கிறீர் என்றால் அது நியாயம். அதற்காக எழுதாமல் இருக்கமுடியவில்லை.

நானா நேற்று வீட்டுக்கு வந்துவிட்டார். உமக்கு அவரே கதைத்திருப்பார். ஆனால் நான் கண்டதைச் சொல்கிறேன். உடம்பு பாதியாகிவிட்டது, தாடி முழுக்க வெள்ளை. மூன்று மாடியையும் ஒவ்வொரு படியிலும் நின்று நின்று ஏறினார். கீழே ஷெல்டன் அவருடைய பையை வாங்கிக்கொண்டு, இரண்டு படி பின்னால் வந்தார். எங்கள் கதவில் தாள் இன்னும் ஒட்டியிருக்கிறது. நான் மரக்கதவைத் திறந்து இரும்புக் கேற்றுக்கு உள்ளே நின்றேன், அவர் படி ஓரத்தில் நின்றார். என்ன சொல்லப்போகிறார் என்று அவருடைய முகத்தையே பார்த்தேன்.

வார்டில் பக்கத்துக் கட்டிலில் இருந்தவரைப் பற்றித்தான் முதலில் சொன்னார். மருதானைக்காரர், தேநீர்க் கடை வைத்திருந்தவர். இரண்டு பேரும் ஒட்சிசன் குழாயோடு கிடந்தபடி இரவில் பாதியும் பகலில் பாதியுமாகக் கதைத்திருக்கிறார்கள். ஒரு காலை அந்தக் கட்டிலைச் சுற்றித் திரை இழுத்தார்கள். நானா தன் கட்டிலில் இருந்தே கலிமா சொல்லிக்கொடுத்திருக்கிறார். திரைக்கு அந்தப் பக்கம் கேட்டதோ இல்லையோ தெரியாது என்றார். பிறகு பொலித்தீனில் சுற்றிக் கொண்டுபோனார்கள். எங்கே கொண்டுபோனார்கள் என்று நானாவுக்குத் தெரியும். அந்த மனிதருடைய பிள்ளைகளுக்குப் போன் எடுத்துச் சொல்லவேண்டும், பெயரை மட்டும் தெரியும், வேறு ஒன்றும் கேட்டு வைக்கவில்லை என்று சொல்லும்போது அழுதார். கேற்றைத் திறந்து வெளியே போகவும் முடியாது. ஒரு மனிதன் அழுவதை நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு நானே கேட்டேன். “நானா, நான் செய்தது பிழையோ?”

“சரியா பிழையாண்டு எனக்குத் தெரியா தங்கச்சி” என்றார். “நான் ஈக்கிறேன். அவ்வளவுதான் எனக்கு வெளங்குது. அந்த மனுசனும் இருந்திருக்கலாம்.” கொஞ்ச நேரம் மூச்சு எடுத்தார். “நீங்க ஓமெண்டு சென்னது பொய்யெண்டு எனக்கு அப்பவே தெரியும். ஒங்களால என்ன செய்ய ஏலும்? ஆனா அப்பிடிச் செல்றதுக்கு ஒரு ஆள் இருந்திச்சே.”

அவர் உள்ளே போய்க் கதவைச் சாத்தினார். நான் கேற்றைப் பிடித்துக்கொண்டே நின்றேன்.

இதோடு கடிதத்தை முடித்திருக்கலாம். முடிக்கத்தான் நினைத்திருந்தேன்.

நேற்று இரவுச் சாப்பாட்டுக்கு இடியப்பமும் சொதியும் வைத்தேன். இவர் ஒரு வாய் வைத்துவிட்டு, “கௌரி, சொதிக்கு உப்புப் போட மறந்துபோனீர்” என்றார். நான் என் கோப்பையில் இருந்து எடுத்துப் பார்த்தேன். உப்பு சரியாக இருந்தது. அவர் உப்பைக் கேட்டு வாங்கிப் போட்டார். பிறகும் போட்டார். மூன்றாம் தரம் கரண்டியை எடுத்தவர் அதை அப்படியே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். ஊறுகாய்ப் போத்தலைத் திறந்து மூக்குக்குக் கிட்டப் பிடித்தார். மூடினார். கோப்பையைக் கழுவி வைத்தார்.

விடியற்காலை உடம்பு சுட்டது. அன்று உங்கள் வீட்டில் இருந்து திருப்பி எடுத்து வந்த கருவி தொண்ணூற்றொன்று காட்டியது. நானே பக்கத்தில் நின்று பார்த்தேன்.

எங்களுக்குச் செய்த பரிசோதனையின் முடிவு இன்னும் வரவில்லை. எனக்கு ஒன்றும் இல்லை. நடுவில் இரண்டு நாள் தலையிடி இருந்தது, போய்விட்டது. அதை நான் யாருக்கும் சொல்லவில்லை. உமக்கும் ஏன் எழுதுகிறேன் என்று தெரியவில்லை.

இவர் இப்போது குளித்து, வெள்ளைச் சேர்ட்டைப் பொத்தான் முழுக்கப் பூட்டிப் போட்டுக்கொண்டு, மணிக்கூடு கட்டிக்கொண்டு ஹோலில் கதிரையில் இருக்கிறார். கந்தோர் வேலைக்குப் போகிற நாளில் இருந்த மாதிரியே. பை பக்கத்தில் இருக்கிறது. இந்த முறை சார்ஜரை முதலில் வைத்தேன். மருந்துத் துண்டுகளையும் பைபாஸ் செய்த காகிதங்களையும் அவரே அடுக்கினார். “கனக்க யோசிக்காதையும். போயிட்டு வாறன்” என்றார். தேத்தண்ணி போடட்டோ என்று கேட்டேன். ருசி தெரியாதே, பரவாயில்லை, சூடு தெரியும், போடும் என்றார்.

மகன் ஜனா லண்டனில் நித்திரையில் இருப்பான். அவனை எழுப்பவில்லை. உமக்குத்தான் முதலில் எழுதுகிறேன்.

நானாவுக்கு இன்னும் சொல்லவில்லை. தெரிந்தால் இவருடைய காய்ச்சலைத் தன் தலையில் போட்டுக்கொள்வார். அப்படி ஒரு சொல் அவருடைய வாயில் இருந்து வரக்கூடாது. நீரும் அப்படி நினைக்கக்கூடாது. திறப்பை எடுத்துக்கொண்டு உள்ளே போனது நான். மாஸ்க் கட்டி அனுப்பியது இவர். இதை நீர் நன்றாக விளங்கிக்கொள்ளவேண்டும், நளீபா. நான் இதைத் திருப்பி எழுதமாட்டேன்.

இந்தத் தாளை எழுதி முடித்ததும் அதே அம்புலன்ஸ் நம்பரைத் திரும்ப அழுத்தி, விலாசத்தையும் வயதையும் சொல்லப்போகிறேன். சிவபாதசுந்தரம் என்ற இவருடைய பெயரை அவர்களுக்கு இரண்டு தரம் சொல்லவேண்டிவரும்.

உம்மிடம் ஒன்று கேட்கிறேன். என்னோடு கோபமாக இருக்கலாம், கதைக்காமல் இருக்கலாம். இன்று மத்தியானம் லுகர் தொழும்போது மட்டும் கையை ஏந்தி இவருடைய பெயரைச் சொல்லும். இவர் உங்கள் சமயத்தவர் இல்லை என்று பார்க்காதேயும். எனக்குக் கேட்கத் தெரிந்த இடம் எல்லாவற்றிலும் கேட்டுவிட்டேன்.

பேரப்பிள்ளைக்கு என் முத்தம்.

பக்கத்து வீட்டில் இருந்து,
கௌரி